யாரும் யாரையும் பார்க்காத படகு

கட்டைப்பையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு ஆன்ட்டி, நீங்க நம்மாளுன்னு. ஷூ போட்டு, தொப்பி வெச்சு, கூலிங் கிளாஸ் மாட்டிட்டா மறைஞ்சுடுமா? ஜவுளிக்கடை பேரை இவ்வளவு பெருசா அச்சடிச்ச பை, இந்தக் கரீபியன் கடல்ல வேற யார் மடியில இருக்கும்? பக்கத்துல உட்காரலாமா? உட்கார்ந்துட்டேன்.

பையன் மெடிக்கல் காலேஜா? அதானே பார்த்தேன். செயின்ட் கிட்ஸுக்கு வர்ற தமிழங்க ரெண்டே வகை. படிக்க வர்றவங்க, படிக்க வந்தவங்களுக்கு ஊறுகாய் கொண்டுவர்றவங்க. எங்கப்பா மட்டும் மூணாவது வகை. அந்தக் காலேஜ்ல அனாடமி வாத்தியார். "எலும்பைத் தொட்டுப் பாருங்கப்பா, மனுஷன்தான் பொய் சொல்லுவான், எலும்பு சொல்லாது." இதுதான் எங்கப்பா குரல். இருமல்கூட அப்படியே இருக்கும். உங்க பையன்கிட்ட கேட்டுப் பாருங்க, கனவுல கேட்டிருப்பான்.

எனக்கு எல்லார் குரலும் வரும் ஆன்ட்டி. ஒரு தடவை கேட்டா போதும். போன வருஷம் பிரின்சிபால் குரல்ல ஸ்கூல் மைக்ல லீவு விட்டேன். நூத்தி நாப்பது பேர் கேட்டைத் தாண்டின பிறகுதான் பிரின்சிபாலுக்கே தெரிஞ்சது, ஸ்கூல் விட்டாச்சுன்னு. பத்து நாள் வீட்டுல உட்கார வெச்சாங்க. தண்டனையாம். சிரிப்பா இல்ல?

ஒருத்தி குரல் மட்டும் வராது. மேல்தட்டுல கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறாளே, நீலச் சுடிதார், அவதான். எங்கக்கா. காந்திமதி. நான் கோமதி. ரெண்டுமே எங்க ஊர்ப் பக்கத்துக் கோயில் அம்மன்கள் பேரு. திருநெல்வேலியை விட்டு வர அப்பாவுக்கு மனசு வந்துச்சு, பேரை விட்டு வர மனசு வரல. அக்கா பேசறதே நாலு வார்த்தை, அதையும் காத்துல பஞ்சு போற மாதிரி பேசுவா. பிடிக்கறதுக்கு ஒரு முனை இருந்தாதானே இழுக்க முடியும்? ஆனா நான் யார் மாதிரி பேசினாலும் முதல்ல சிரிக்கறவ அவதான். தலகாணியைக் கடிச்சுட்டுச் சிரிப்பா.

சிரிப்பா இல்ல, சிரிச்சா. ஆறு வாரமா அவ எங்கூடப் பேசறதில்ல. இப்பக்கூட பாருங்க, ஏறினதும் விரலைக் கீழே காட்டினா. நீ கீழே உட்காருன்னு அர்த்தம். நாய்க்குட்டிக்குக்கூட வாயைத் திறந்து சொல்லுவாங்க.

நான் பண்ணினது உதவி ஆன்ட்டி. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நாம இப்ப போறோமே நீவிஸ், அந்தத் தீவுல ஒரு தமிழ்க் குடும்பம் இருக்காம். கோயம்புத்தூர் பக்கம். ஒரே பையனாம், தண்ணீர் வாரியத்துல இன்ஜினீயராம். இதை எங்களுக்குச் சொன்னது யாரு? பாளையங்கோட்டையில இருக்கற அத்தை. பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கற அத்தைக்குத் தெரியுது, முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கற எங்களுக்குத் தெரியல. "ஏ மைனி, பக்கத்துத் தீவுலயே மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு நீ என்னத்த தேடிக்கிட்டு இருக்க?" போன்ல அத்தை இப்படித்தான் கத்துவா. போனே தேவையில்ல அவளுக்கு.

சரி, பொண்ணு பார்க்கணும். எங்க வெச்சுப் பார்க்கறது? வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்னுட்டு வேண்டாம்னு போயிட்டா பொண்ணுக்கு அசிங்கம். அதனால கோயில்ல வெச்சுப் பார்ப்பாங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் சாமி கும்பிட வந்த மாதிரி வரணும். எதேச்சையா கண்ணுல படணும். பிடிச்சா பேசலாம். பிடிக்கலைன்னா யாரும் யாரையும் பார்க்கவே இல்ல. உங்களுக்குத் தெரியாததா? உங்களையும் அப்படித்தான் பார்த்தாங்களா? மலைக்கோட்டையிலயா? பார்த்தீங்களா!

ஆனா இந்தத் தீவுல நெல்லையப்பர் கோயிலுக்கு எங்க போறது? சூப்பர் மார்க்கெட்ல வெச்சுக்கலாம்னு அப்பா சொன்னாரு. "மீன் நாத்தத்துக்கு நடுவுலயா என் புள்ளையக் காட்டணும்?"னு அம்மா ஒரு கத்து கத்தினா. மூணு நாள் யோசிச்சு அப்பா ஒரு வழி கண்டுபிடிச்சாரு. இருமிக்கிட்டே சொன்னாரு. "படகு. ரெண்டு தீவுக்கும் பொது. யாரு வீட்டுக்கும் யாரும் போகல. ஒருநாள் சுத்திப் பார்க்கப் போறோம், அவ்வளவுதான்."

கேளுங்க, இதுலதான் கூத்து. நாங்க இந்தக் கரை, அவங்க அந்தக் கரை. எங்களோட ஒரே படகுல எதேச்சையா வரணும்னா அவங்க என்ன பண்ணணும்? விடிஞ்சதும் முதல் படகைப் பிடிச்சு இந்தக் கரைக்கு வரணும். வந்து ஒன்றரை மணி நேரம் கரையில நிக்கணும். அப்புறம் எங்களோட ஏறி, கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போகணும். பண்ணாங்க ஆன்ட்டி! பட்டுப்புடவையோட!

அதுல இன்னொண்ணு. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் ஆரம்பிச்சுடும். படகு எட்டரைக்கு. ஒன்பதுக்குள்ள பார்த்து முடிச்சுடணும்னு அம்மா கணக்கு. "இங்க ஒன்பதா, அங்க ஒன்பதா?"ன்னு அத்தை போன்ல கேட்டா. அங்க அப்ப சாயங்காலம். ராகு எந்த ஊர் கடிகாரத்தைப் பார்த்து வர்றாருன்னு அரை மணி நேரம் சண்டை. "ராகு என்ன இந்தியன் பாஸ்போர்ட்டா வெச்சிருக்காரு?"ன்னு அப்பா கேட்டாரு. அம்மா அன்னைக்கு ராத்திரி அவருக்கு மோர் ஊத்தல. கடைசியில படகு கிளம்பினப்போ சரியா ஒன்பது. இந்த ஊர்ப் படகுக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது, எட்டரையும் தெரியாது.

முறுக்கா? குடுங்க. அம்மாடி, நெய் வாசனை!

படகுல ஏறினதும் அம்மா ஓடிப்போய் ஜன்னலோர பெஞ்சுல துண்டு போட்டு இடம் பிடிச்சா. பஸ்ஸுல போடற மாதிரியே, நாலு பேருக்கு. இந்த ஊர்ப் பாட்டியம்மா ஒருத்தி வந்தா. இவ்வளவு அகலம், தலையில வைக்கோல் தொப்பி. துண்டை எடுத்தா, உதறினா, நாலா மடிச்சா. "டார்லிங், இது உன்னோடதா? கீழே விழுந்து கிடந்துச்சும்மா"ன்னு அன்பாக் குடுத்துட்டு அங்கயே உட்கார்ந்துட்டா. அம்மா முகத்தைப் பார்க்கணுமே!

அப்புறம் நடுவுல இருக்கற பெஞ்சுல போய் உட்கார்ந்தோம். அதோ அது, முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு வரிசை இருக்கே, அதேதான். உட்கார்ந்து திரும்பினா, எங்க முதுகுக்குப் பின்னாடி அவங்க! உண்மையிலேயே எதேச்சையா. அதுக்காகத் திட்டம் போட்ட ரெண்டு வீட்டுக்காரங்களும் அதுல ஆடிப்போயிட்டாங்க.

நினைச்சுப் பாருங்க. படகுல நூத்தம்பது பேர். டவுசர், பனியன், பூப்போட்ட சட்டை. அதுல பட்டுப்புடவை ரெண்டே ரெண்டு. மல்லிகைப்பூ கிடைக்காம பிளாஸ்டிக் பூ வெச்சவங்க ரெண்டே பேர். அந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லையாம்! எங்கம்மா கடலைப் பார்க்கறா. அந்தம்மா கூரையைப் பார்க்கறாங்க. எங்கப்பா பேப்பர் படிக்கறாரு, தலைகீழா. அவங்க டிபன் பாக்ஸைத் திறந்தாங்க, புளியோதரை. நாங்க திறந்தோம், புளியோதரை. படகு முழுக்க பெருங்காய வாசனை. எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க, இவங்க மட்டும் மூக்கே இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்காங்க.

மூக்குன்னதும்தான் ஞாபகம் வருது. மாப்பிள்ளை பேரு சென்னியப்பன். பேரைவிட மூக்கு நீளம். தண்ணீர் இன்ஜினீயருக்குத் தண்ணியில போனா ஒத்துக்காது! துறையைத் தாண்டறதுக்குள்ள முகம் பச்சையாயிடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு மேல்தட்டுக்கு ஓடினான். அக்காவும் காத்து வாங்கப் போறேன்னு பின்னாடியே போனா. நான் எட்டிப் பார்த்தேன். அவன் கம்பியைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறான். அம்மா குமட்டலுக்குன்னு கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை அக்கா அவனுக்குக் குடுக்கறா. மோந்து பார்க்கறதுக்கு. அவன் அதை மூக்குல வெச்சான், பழமே மறைஞ்சுபோச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு. பாவம் பார்த்துக் குடுத்தா. தெருநாய்க்குக்கூட பிஸ்கட் போடறவ அவ.

இப்ப சொல்லுங்க, இந்த மாதிரி ஒரு ஆளுக்கு எங்கக்காவா?

எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. அவ போயிட்டா ரூம் முழுசும் எனக்குத்தான். ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்குத்தான். நான் அதுக்காகப் பண்ணல. இவங்க பண்ணின கூத்தைப் பார்த்து வாய் அரிச்சுது. அவ்வளவுதான்.

ரெண்டு வரிசை முதுகுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு பாருங்க, லைஃப் ஜாக்கெட் பெட்டிக்குப் பக்கத்துல. ஷூ லேஸ் கட்டற மாதிரி அங்க குனிஞ்சேன். அந்தம்மா குரலைக் கொஞ்சம் முன்னாடிதான் கேட்டேன், "தண்ணி பாட்டல் எங்கீங்"னு அவங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க. அது போதாதா? எங்கம்மா பக்கம் திரும்பி விட்டேன் ஒண்ணு.

"ஏனுங், பொண்ணு பரவால்லீங். அம்மாக்காரிதா சந்தைல மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்கற மாட்டம் என்ற பையனப் பாக்குதுங்."

இன்ஜின் சத்தத்துல யாரு பேசினாங்கன்னு தெரியாது, குரல் மட்டும் தெரியும். அம்மா முதுகு நிமிர்ந்துச்சு பாருங்க, இரும்புக் கம்பி மாதிரி. உடனே அந்தப் பக்கம் திரும்பி எங்கம்மா குரல்ல ஒண்ணு.

"ஏங்க, மாப்ள கூட வார மூக்குக்குத் தனியா ஒரு டிக்கெட்டு எடுத்திருப்பாவளோ?"

அந்தப் பக்க முதுகும் நிமிர்ந்துச்சு. முடிஞ்சது கதை!

இதுல என்ன அழகு தெரியுமா? யாரும் கேட்க முடியாது! "நீங்க இப்படிச் சொன்னீங்களா?"ன்னு எப்படிக் கேட்கறது? கேட்டா, பார்த்ததா ஆயிடுமே. அவங்கதான் இன்னும் பார்க்கவே இல்லையே! ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு, கொதிச்சுக்கிட்டு, கடலையும் கூரையையும் பார்த்துட்டே வந்தாங்க. கரை வந்ததும் அவங்க இடது பக்கம் இறங்கினாங்க, நாங்க வலது பக்கம். ரெண்டு பக்கமும் போய்ச் சேர்றது ஒரே வழியிலதான். இருந்தாலும் அப்படி இறங்கினாங்க.

அப்புறம் நாலு மணிப் படகு வரைக்கும் நாங்க நீவிஸைச் சுத்திப் பார்க்கணும். என்னத்தைச் சுத்தறது? ஒரு மாமரத்தடியில உட்கார்ந்து மிச்ச புளியோதரையைத் தின்னோம். அம்மா ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு திட்டு. "மாடு புடிக்கவளாமே நான், மாடு! அந்த வீட்டு நிழல்ல என் புள்ள நின்னா, அன்னைக்கோட நான் அவளுக்கு அம்மை இல்ல." அப்பா, "அந்தம்மா அப்படிப் பேசற மாதிரி தெரியலையே"ன்னாரு. அதுக்கும் ஒரு திட்டு. ஒரு குரங்கு வந்து அப்பளத்தைத் தூக்கிட்டுப் போச்சு. அன்னைக்கு உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்.

யாருக்கும் தெரியல, நான்தான்னு. அக்கா மட்டும் மாமரத்தடியில என்னையே பார்த்தா. அவளுக்குத் தெரியும். எத்தனை குரல் கேட்டிருக்கா! நான் கண்ணடிச்சேன். சிரிப்பான்னு நினைச்சேன். அவ எழுந்து போய் கைகழுவிட்டு வந்தா. அன்னைக்கு மூடின வாய்தான். அம்மாகிட்டயும் என்னைக் காட்டிக் குடுக்கல. திட்டாவது திட்டியிருக்கலாம். ராத்திரி ரூம்ல இருட்டுல நான் பிரின்சிபால் மாதிரி பேசறேன், அத்தை மாதிரி பேசறேன், அந்தத் துண்டு மடிச்ச பாட்டி மாதிரி பேசறேன், பக்கத்துக் கட்டில்ல மூச்சுச் சத்தம்கூட இல்ல. அவ்வளவு திமிர். ஒரு மூக்கன்கிட்டேயிருந்து காப்பாத்திவிட்டதுக்கு இதுதான் மரியாதை.

இன்னொரு கூத்து. அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீவிஸுக்குப் போறா. தனியா. டவுன்ல ஒரு பார்மசியில வேலை பார்க்கறா, சனிக்கிழமை லீவு. எதுக்குப் போறேன்னு அம்மா கேட்டா. "மலையைப் பார்க்கப் போறேம்மா. மேகம் இல்லாம ஒரு தடவை பார்க்கணும்"னா. நீவிஸ் மலை தெரியும்ல? எப்பவும் தலையில ஒரு மேகம், குளிச்சுட்டு வந்த பொம்பளை துண்டு கட்டின மாதிரி. கிளம்பும்போது நீங்களே பார்த்திருப்பீங்க. அஞ்சு சனிக்கிழமை போயிட்டு வந்துட்டா, அஞ்சு தடவையும் மேகமாம். எந்தப் பைத்தியமாவது ஒரு மலைக்காக வாராவாரம் போகுமா? அதுவும் கிளம்பும்போது ஃப்ரிட்ஜ்லேயிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கறா. அவளுக்கோ கடல் நல்லா ஒத்துக்கும், புயல்ல உட்கார்ந்துகூட புளியோதரை தின்னுவா. எதுக்கு எலுமிச்சம்பழம்? கேட்டா பதில் சொன்னாத்தானே.

ஏன் ஆன்ட்டி சிரிக்கறீங்க?

அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அதான் இன்னைக்கு என்னைக் கூட அனுப்பியிருக்கா. "ஏட்டி, நீயும் போ. அங்க அவ எங்க போறா, யாரப் பாக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு. அந்த மாட்டுக்காரி வீட்டுப் பக்கம் மட்டும் போனான்னு தெரிஞ்சுது, அடுத்த ஃபிளைட்டுல ரெண்டு பேரையும் பாளையங்கோட்டைக்கு ஏத்திருவேன்." அம்மா சொன்னா செய்வா. அத்தை அங்க இன்னொரு ஜாதகத்தோட தயாரா இருக்கா. எனக்கென்ன, நல்லா சுத்திப் பார்க்கலாம்னு வந்தேன். மலையைப் பார்த்துட்டு நிக்கப் போறா, இவ்வளவுதானே. அதுக்கு ஒரு ஒற்றன் வேற.

கரை வந்துடுச்சு போல. நல்ல கூட்டம். படகுத்துறைப் பாலத்துல பாருங்க, டாக்ஸிக்காரங்க எல்லாரும் கையில அட்டையோட நிக்கறாங்க. ஓரமா ஒருத்தன் கம்பத்தைப் பிடிச்சுட்டு நிக்கறான். தரையில நிக்கும்போதே கம்பத்தைப் பிடிச்சுட்டு... ஏ, அந்த மூக்கு!

ஆன்ட்டி, அவன்தான்! சென்னியப்பன்! இவன் எதுக்கு இங்க? யாரையாவது கூட்டிட்டுப் போக வந்திருப்பான். பாவம் அக்கா, இறங்கினதும் இவன் மூஞ்சியில முழிக்கணும். பாருங்க, எவ்வளவு வேகமா இறங்கறா. அவனைக் கண்டுக்காம தாண்டிப் போகத்தான் வேகமாப் போறா. அப்படித்தான். தாண்டு. தாண்டு...

நின்னுட்டா.

எலுமிச்சம்பழத்தைக் குடுக்கறா. அவன் தரையில நின்னுட்டு அதை மோந்து பார்க்கறான். பாலம் ஆடற மாதிரி நடிச்சுக் காட்டறான். நடிக்கவே தெரியல அவனுக்கு, கேவலமா நடிக்கறான். நான் நடிச்சா இப்படியா... அவ சிரிக்கறா ஆன்ட்டி. குனிஞ்சு, வாயைப் பொத்திக்கிட்டு. தலகாணியைக் கடிச்சுட்டுச் சிரிக்கற சிரிப்பு அது.

இதுக்கெல்லாமா சிரிப்பாங்க? மூக்குல பழத்தை வெச்சா சிரிப்பா?

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க. அவ திரும்பினா நான் தெரியக் கூடாது.

மேகத்தைக் காணோம், கவனிச்சீங்களா? மலை மொட்டையா நிக்குது, உச்சி வரைக்கும் பச்சை. அவ அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல.

போன் அடிக்குது. அம்மா. வேற யாரு? இருங்க, நீங்க பேசாதீங்க.

"ம்... இறங்கிட்டோம்மா... கூட்டமா இருக்கும்மா... இல்லம்மா, யாரும் இல்ல. ஒரு தமிழ் ஆன்ட்டி மட்டும்தான். அக்காவா? இதோ, பக்கத்துலதான் நிக்கறா... சத்தியமாம்மா... சரி, சரி, கத்தாத. குடுக்கறேன்."

"அம்மா... ம்... நான்தான்மா... காத்து ஜாஸ்தி, அதான். இல்லம்மா, இன்னைக்கும் மேகம்தான். ஒண்ணுமே தெரியல... ஆமா... அடுத்த சனிக்கிழமைதான் வந்து பார்க்கணும். கோமதியையும் கூட்டிட்டு வர்றேம்மா... வைக்கட்டுமா?"

வெச்சுட்டா. அக்கான்னே நம்பிட்டா!

ஏன் ஆன்ட்டி இப்படிப் பார்க்கறீங்க? கண்ணுல உப்புக்காத்து பட்டுடுச்சு, வேற ஒண்ணுமில்ல. நீங்க இறங்குங்க, கடைசி ஆள் நீங்கதான். நான் இறங்கல, இதே படகுல திரும்பிப் போறேன், அக்கா வர்ற வரைக்கும் நம்ம கரையில காத்திருந்துட்டு அவளோடயே வீட்டுக்குப் போயிடுவேன். இறங்கிப் போய் அவன் நடிக்கற லட்சணத்தை யாரு பார்க்கறது?

கட்டைப்பையை மறந்துடாதீங்க. ரெண்டு முறுக்கு மட்டும் குடுத்துட்டுப் போங்க.